பிஸ்கட் டப்பாவில் ஒரு வைக்கோல் போர்

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த டப்பா ஃபேக்டரியில், கலர் ரூமுக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"மேடம், புது மெஷின் வந்துகீது. தகட்டு மேல வெச்சா போதும், எந்த மை எவ்ளோ கொறையுதுன்னு அதுவே சொல்லிடுது. இனிமே கண்ணு இன்னாத்துக்குன்னு பசங்க கிண்டல் பண்றாங்கோ. நீங்க எதுனா எழுதிக் குடுங்களேன், நோட்டீஸ் போர்டுல ஒட்டறேன்" என்றாள்.

மெஷினைத் திட்டி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் பாவம், ஏமாந்துதான் போவாள். அந்த மெஷினுக்குக் கண்புரை வராது. காலையில் வீட்டுக்காரரோடு சண்டை போட்டுவிட்டு வந்து மதியம் வரை எல்லாவற்றையும் சிவப்பாகப் பார்க்காது. எனக்கு அது பத்து வருடம் முன்னாலேயே வந்திருந்தால் முதுகுவலியாவது மிஞ்சாமல் இருந்திருக்கும். ஆனாலும் அவள் கேட்டதும் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. நான் செய்த ஒரு பெரிய தப்பு. நோட்டீஸ் போர்டில் அடங்காது, பரவாயில்லை, மடித்து ஒட்டட்டும்.

என் பெயர் விஜயா. பொன்னேரி ரயிலடியிலிருந்து மேற்கே ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம் போனால் எங்கள் ஊர். மாமனார் வழி வந்த ஒன்றரை ஏக்கர் நெல் நிலத்தை என் வீட்டுக்காரர் தனபால் பார்த்துக்கொண்டார். நான் காலை ரயில் பிடித்து கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். அவர் சேற்றோடு வருவார், நான் மையோடு வருவேன். வீட்டில் சோப்பு மட்டும் நிற்கவே நிற்காது.

எங்கள் ஃபேக்டரியில் செய்தது தகரத்தில் படம் அச்சடிக்கிற வேலை. பிஸ்கட் டப்பா, இனிப்பு டப்பா, டீத்தூள் டப்பா எல்லாம் முதலில் தட்டையான தகடாகத்தான் வரும். அதன்மேல் வெள்ளை பூசி அடுப்புக்குள் விட வேண்டும். பிறகு இரண்டிரண்டு நிறமாக அச்சடித்து, ஒவ்வொரு முறையும் அடுப்பு. கடைசியில் பளபளப்புக்கு வார்னிஷ், மறுபடியும் அடுப்பு. ஒவ்வொரு தடவை வெந்து வரும்போதும் நிறம் கொஞ்சம் நகர்ந்துவிடும். அச்சடிக்கும்போது சரியாக இருக்கும் நிறம் டப்பாவாகும்போது தப்பாகிவிடும். எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே ஊகித்து மையைக் கலப்பதுதான் கலர் ரூம் வேலை.

நான் சேர்ந்தது அங்கே இல்லை. சார்ட்டிங் மேசையில், கையுறை போட்டுக்கொண்டு தகடுகளைப் புரட்டிக் கெட்டதைப் பொறுக்கிப்போடும் பெண்களில் ஒருத்தியாக ஒன்பது வருடம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. கலர் ரூமுக்கு நான் போனது ஒரு கிளியால்.

ஒரு இனிப்புக் கடைக்காரருக்கு முன்பு டப்பா அடித்துக் கொடுத்த கம்பெனி மூடிப்போயிற்று. அச்சுக்கான பழைய பிலிம் எதுவும் கிடைக்கவில்லை. கடையிலிருந்து ஒரு டப்பாவை அனுப்பி, இதே மாதிரி வேண்டும் என்று கேட்டிருந்தார். டப்பாமேல் ஒரு கிளி. முதல் தகடுகள் எங்கள் மேசைக்கு வந்தபோது கிளி நீலமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், பழக்கம் இல்லை.

"கிளி இன்னாத்துக்கு சார் நீலமாகீது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கமாக வந்தவர் ராகவலு சார். கலர் ரூமுக்கும் அச்சுக்கும் அவர்தான் மேலாளர். தடா பக்கத்துக்காரர், தெலுங்கு வீட்டில், தமிழ் வெளியில். "கஸ்டமர் டப்பால நீலமாதானேம்மா இருக்கு?" என்றார்.

"அவுரு வெயில் படற எடத்துல வெச்சிருப்பாரு சார். எங்க ஊட்டு காலண்டர ஜன்னலாண்ட மாட்டினா, அம்மன் கைல கீற வேப்பிலை ஒரே வருசத்துல நீலமாப் பூடும். மஞ்சதான் மொதல்ல பறக்கும்."

அவர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் விலைச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தேன். சீட்டு மூடியிருந்த இடத்தில் கிளியின் வால் நுனி மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. சார் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை எனக்குக் கலர் ரூமில் சாம்பல் கோட்டும் ஒரு நாற்காலியும் தந்தார்கள்.

எங்கள் ஜெனரல் மேனேஜருக்கு, அதாவது ஜி.எம்.முக்கு, இது பிடிக்கவில்லை. அச்சுக்கலையில் டிப்ளமா படித்த ஒருவரை அந்த இடத்துக்கு அவர் பேசி வைத்திருந்தார். "சார்ட்டிங்ல இருந்தவங்கள கலர்ல உக்கார வெச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றாராம். ஒரு பெரிய வேலை கெட்டாலும் இவள் பழைய மேசைக்கே திரும்புவாள் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். சார் அதை என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறு மாதம் மை கலக்கும் கத்தியைக் கழுவினேன், ஆறு மாதம் திட்டு வாங்கினேன், அப்புறம் கை வந்தது. சாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்தவரை நிறம் பார்க்க விடமாட்டார். "பசியில பாத்தா எல்லாம் மஞ்சளா தெரியும், போய் நாலு இட்லி தின்னுட்டு வா" என்பார். ஒரு தகட்டை மூன்று நொடிக்கு மேல் உற்றுப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் அதற்குச் சமாதானமாகிவிடும் என்பார். குழல் விளக்கில் பார்த்ததை ஜன்னலோரம் எடுத்துப்போய் மறுபடி பார்க்க வேண்டும். மையை விரல் நுனியில் தொட்டு, வெள்ளைத் தகட்டில் தட்டித் தட்டி மெல்லிசாகப் பரப்பி, சின்ன அடுப்பில் வேகவைத்து, ஆறிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அவருக்கு ரொம்பப் பிடித்த கருவி ஒரு சாம்பல் அட்டை. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. படத்தின்மேல் அதை வைத்தால் மற்றதெல்லாம் மறைந்து அந்த ஒரு இடத்தின் நிறம் மட்டும் தெரியும். என் கோட்டுப் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை கொடுப்பார். நேற்று வரை "வாம்மா" என்றவர் "வாங்க, உக்காருங்க" என்றால் தீர்ந்தது கதை. அச்சு மெஷின் ஆபரேட்டர் ஏழுமலையை அவர் எப்போதும் "நைனா" என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் "ஏழுமலை அவர்களே" என்றதும் அந்த ஆள் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டார்.

கலர் ரூமில் நான் நாலு வருடம் ஓட்டியிருந்தபோது பிரான்ஸ் நாட்டு பிஸ்கட் கம்பெனி ஒன்றின் வேலை வந்தது. எங்களுக்கு அதுதான் முதல் வெளிநாட்டு வேலை. டப்பா மூடியில் ஓர் ஓவியம் அச்சடிக்க வேண்டும். அதை வரைந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறதாம். அதைக் காகிதத்தில் அச்சிட்டு, கெட்டி அட்டைமேல் வைத்து, நாலு ஓரத்திலும் காகித நாடா ஒட்டி மாதிரியாக அனுப்பியிருந்தார்கள்.

சார் அதை விளக்கடியில் நிறுத்தினார். அறுவடை முடிந்த வயலில் இரண்டு வைக்கோல் போர். பின்னால் ஒல்லியாக உயரமாக ஒரு வரிசை மரம், அதற்கும் பின்னால் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. கிட்டப் போனால் வீடும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் வெறும் தீற்றலும் புள்ளியும்தான். நாலடி பின்னால் வந்தால் வயல் திரும்பிவிடும். நான் முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்ததைப் பார்த்து சார் சிரித்தார்.

"இன்னா சார், அவுங்க ஊர்லயும் வைக்கோல் போர் போடுவாங்களா?"

"கோதுமை வைக்கோலும்மா. மத்தபடி உங்க ஊரு போருதான்."

உங்கள் ஊர்ப் போர்தான் என்று அவர் சொன்னதில்தான் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வைக்கோல் போரைப் பற்றி எனக்கு இந்த பிரான்ஸ்காரன் சொல்லித்தர வேண்டுமா? போர்கள் தகதகவென்று இருந்தன, சரி. ஆனால் அவற்றின் நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழல் ஊதாவாக இருந்தது. நீலமும் ரோஸும் கலந்த ஊதா. நிழல் எங்கேயாவது ஊதாவாக இருக்குமா? கிளியைக் கண்டுபிடித்த கண் ஆயிற்றே, உடனே முடிவு கட்டிவிட்டேன்.

"சார், இது வெயில்ல காஞ்ச காயிதம். மஞ்ச பறந்துடுச்சு. அதான் நெழலு நீலம் அடிக்குது."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

அன்றைக்குப் பெரிய அடுப்பு பழுதாகி நின்றிருந்தது, சாரை நாலு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிலிம் தயாரிக்கும் இடத்துக்கு நான் ஒரு சீட்டு எழுதினேன்: நிழல் பகுதியில் நீலத்தைக் குறைக்கவும், மஞ்சளைக் கூட்டவும். சார் அவசரமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் பறந்திருந்தால் போர்கள் எப்படி அவ்வளவு மஞ்சளாக இருக்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

பிலிம் வந்தது, அச்சு ஓடியது. சார்ட்டிங் பெண்கள் முதல் கட்டுத் தகடுகளில் பாதியைக் கெட்டது என்று ஒதுக்கிவிட்டார்கள். மை இழுவியிருக்கிறதாம், புள்ளி விலகியிருக்கிறதாம். படமே அப்படித்தான், அதுதான் அழகு என்று நான் போய்ச் சொன்னதும், "நல்லா சொன்ன போ, நாங்க இழுவினா கெட்டது, வெள்ளக்காரன் இழுவினா அழகா?" என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். என் நிழல்கள் நல்ல பழுப்புக் கறுப்பாக வந்திருந்ததில் எனக்குப் பெருமை வேறு.

அச்சுக்கு ஒப்புதல் தர பிஸ்கட் கம்பெனியிலிருந்து கிளேர் என்றொரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஃபேக்டரி முழுக்க அவரைத் தொரசானி என்றுதான் சொன்னார்கள். தகட்டை விளக்கடியில் வைத்து, மாதிரியை ஒரு தரம் பார்த்து, தகட்டை ஒரு தரம் பார்த்து, மெதுவாக ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். ஜி.எம். முகம் சுருங்கியது.

"நெழலுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க" என்றார் சார்.

நான் கிளிக் கதையில் ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். சார் மொழிபெயர்த்தார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாதிரி வெயிலில் இருந்ததே இல்லை, ஓவியத்திலேயே நிழல் ஊதாதான் என்றார்.

"அப்ப வரஞ்சவரு தப்பா வரஞ்சிட்டாரு சார். நான் நெல்லு வெளையற ஊர்ல பொறந்து நெல்லு வெளையற ஊர்ல வாக்கப்பட்டவ. போரோட நெழலு ஊதாவா இருந்து நான் பாத்ததே இல்ல."

இதை மொழிபெயர்க்கலாமா என்று சார் ஒரு நிமிடம் யோசித்தார். பெயர்த்தார். ஜி.எம். என்னைப் பார்த்த பார்வையில் என் நாற்காலி அப்போதே காலியாகிவிட்டது. ஆனால் அந்த அம்மா கோபப்படவில்லை. உங்கள் ஊரில் இப்போது வைக்கோல் போர் இருக்கிறதா என்று கேட்டார். தை மாதக் கடைசி, எங்கள் களத்திலேயே இரண்டு இருந்தன.

கம்பெனி காரில் கிளேர் அம்மா, சார், நான் மூவரும் கிளம்பினோம். அச்சடித்த தகடு ஒன்று என் மடிமேல் இருந்தது. கவரைப்பேட்டை தாண்டியதும் சார் என் பக்கம் திரும்பினார். அப்புறம், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று என்னைக் கேட்டார். நீங்கள் என்கிறாரே! வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாங்கள் இறங்கியபோது தனபால் களத்தில்தான் இருந்தார். காரையும் வெள்ளைக்கார அம்மாவையும் பார்த்துத் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா விஜயா, ஆபீஸே தெரண்டு வந்துகீது? எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்ல. நம்ப போரைப் பாக்கணுமாம்."

"போரையா? ஏன், தொரசானி மாடு வெச்சினுகீதா?"

சார் வாயைப் பொத்திக்கொண்டார். வெயில் சாய்ந்திருந்தது. இரண்டு போர்களின் நிழல்களும் அறுத்த நெல்தாள் நின்ற வயலில் நீளமாக விழுந்துகிடந்தன. நான் பார்த்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். தகட்டை நிழலுக்கு நேராகப் பிடித்து, "பாருங்க சார்" என்றேன்.

"அட்டை எங்கே?" என்றார் சார்.

"எந்த அட்டை?"

"ஓட்டை போட்ட அட்டை. படத்துக்கு மட்டும்தான் அதுன்னு நான் சொன்னேனா?"

கோட்டோடுதான் வந்திருந்தேன். பையிலிருந்து எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டை வழியாக நிழலின் நடுவை மட்டும் பார்த்தேன்.

ஊதா.

அட்டையை இறக்கினேன், கறுப்பு. ஏற்றினேன், ஊதா. வெயில் பட்ட வைக்கோல் பக்கம் திருப்பினேன், கிச்சிலிப்பழத் தோல் மாதிரி மஞ்சள். மறுபடி நிழலுக்கு வந்தேன். சந்தேகமே இல்லை, நீலமும் ரோஸும் கலந்து, மாதிரியில் இருந்த அதே ஊதா. அந்த நிழலில் உட்கார்ந்து எத்தனை வருடம் கஞ்சி குடித்திருக்கிறேன்! என் பிள்ளைகளைத் துணி விரித்து அதில்தான் தூங்கவைத்திருக்கிறேன். என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால் கறுப்பு என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த வெட்கத்துக்குள்ளேயே எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. இவ்வளவு அழகான ஒன்று இத்தனை நாள் நம் களத்திலேயே கிடந்திருக்கிறதே என்று.

தனபால் அட்டையைப் பிடுங்கிப் பார்த்தார். "அட, கத்திரிப்பூ கலரு!" என்றார். பிறகு மாட்டின் நிழலைப் பார்த்தார், பம்ப்செட் கொட்டகையின் நிழலைப் பார்த்தார், அட்டையைத் திருப்பித் தரவே மனசில்லை. வெயில் படாத இடத்துக்கு வானம்தான் வெளிச்சம் கொடுக்கிறது, அதனால் அங்கே வானத்தின் நிறம் இறங்கிவிடும், அந்த ஓவியர் வயலிலேயே நின்று அதைப் பார்த்து வரைந்தவர் என்று கிளேர் அம்மா சொன்னதாக சார் சொன்னார். அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தனபால் வெட்டித் தந்த இளநீரைக் குடித்துவிட்டு, இரண்டு நாள் தங்குகிறேன், சரி செய்யுங்கள் என்றார்.

மறுநாள் காலையில் எல்லாரும் வருவதற்கு முன்னால் நான் கலர் ரூமுக்குப் போனேன். மாதிரி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த காகித நாடாவை பிளேடால் மெல்லத் தூக்கினேன். நிழலின் ஒரு முனை அந்த நாடாவுக்கு அடியில் போயிருந்தது. வெளிச்சமே படாத அந்த இடமும் அதே ஊதாதான். கிளி விஷயத்தில் பேசிய கையோடு சீட்டைச் சுரண்டியும் பார்த்தேன். இதில் ஒரு நிமிடம் செலவழித்து நாடாவைத் தூக்கியிருந்தால், மாதிரி மங்கவில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் தூக்கவில்லை. தெரிந்த விஷயம்தானே என்ற திமிர்.

ஷர்மிளா, இதை மட்டும் அடிக்கோடிட்டு ஒட்டு. மெஷின் நீ எந்த மாதிரியை வைத்தாலும் அதை நம்பும். அது நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா என்று நீதான் தூக்கிப் பார்க்க வேண்டும்.

இந்த நாடா விஷயம் அன்றைக்கு வேறு யாருக்கும் தெரியாது. நிழல் கறுப்பு என்று நம்பி ஏமாந்தாள், யாரும் ஏமாந்திருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாடாவைத் திரும்ப ஒட்டிவிட்டுச் சும்மா இருந்தால் ஒருவேளை நாற்காலி தப்பிக்கும். சொன்னால், சோதிக்காமல் பிலிமை மாற்றினாள் என்று ஆகும். அது ஏமாந்தது இல்லை, வேலையில் செய்த தப்பு. நாடாவை ஒட்டக்கூட ஒட்டினேன். அப்புறம் சார் உள்ளே வந்து கோட்டை மாட்டிக்கொண்டு, வழக்கம் போல "நாஷ்டா ஆச்சா?" என்றார். என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

எல்லாம் சொன்னேன். அவர் நாடாவைத் தானே தூக்கிப் பார்த்தார்.  "நீங்க" என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, நீ தூக்கிப் பாக்கல. சரி. நான் தூக்கிப் பாத்தேனா?" என்றார். "கிளியக் கண்டுபிடிச்ச பொண்ணு சொல்லுதேன்னு கையெழுத்துப் போட்டேன். உன்ன நம்பினது தப்பில்ல. பாக்காம நம்பினது தப்பு. அது என் கணக்கு. வா, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

ஜி.எம். கேட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், முதல் வெளிநாட்டு வேலை, அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ரெண்டாவது வாட்டியும் சரியா வரலைன்னா இவங்க சார்ட்டிங்குக்குப் போகட்டும். அந்த டிப்ளமா பையனுக்கு போன் போட்டுடுவேன்" என்றார்.

"சீட்டுல என் கையெழுத்தும் இருக்கு சார். அப்ப எனக்கும் ஒரு ஜோடி கையுறை சொல்லிடுங்க" என்றார் ராகவலு சார். 

பழையபடி பிலிம் எடுத்து வருவது சுலபம், அன்று மதியமே வந்துவிட்டது. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. கடைசி வார்னிஷ் வேகும்போது லேசாக மஞ்சளாகும். மஞ்சள் ஏறினால் ஊதா செத்துப்போகும். மாதிரிக்குச் சரியாக அச்சடித்தால், வார்னிஷ் வெந்து வரும்போது நிழல் மறுபடி சேறாகிவிடும். அதனால் நிழலை முன்கூட்டியே அளவுக்கு மீறி ரோஸாக, நீலமாக வைக்க வேண்டும். எவ்வளவு மீறி என்பதுதான் கேள்வி. வைக்கோலின் மஞ்சளும் கெட்டுப்போகக் கூடாது.

ஒன்றரை நாள் அதிலேயே போயிற்று. சிவப்பு மையை விரலில் தொட்டுத் தட்டினேன், வேகவைத்தேன், வார்னிஷ் பூசினேன், மறுபடி வேகவைத்தேன், ஜன்னலோரம் கொண்டுபோய் அட்டை வழியாகப் பார்த்தேன். கொஞ்சம் கூட்டினேன். மறுபடி முதலிலிருந்து. சின்ன அடுப்பின் மூடி பட்டு மணிக்கட்டில் தழும்பானது இன்றைக்கும் இருக்கிறது. சார் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட இதைச் செய், அதைச் செய் என்று சொல்லவில்லை. மணிக்கு ஒரு தரம் டீ மட்டும் வரவழைத்தார்.

இரண்டாம் நாள் மாலை தகடு அச்சேறியது. ஏழுமலை முதல் தகட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். பெரிய தகட்டில் அந்த நிழல் திருவிழாப் பஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தது.

"யக்கா, இது இன்னாக்கா கண்றாவி?"

"நீ வார்னிஷ் பூசி உள்ள வுடு" என்றேன். 

தகடு அடுப்புக்குள் போனது. மறுமுனையில் வெளியே வர பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஜி.எம். வந்து நின்றார். கிளேர் அம்மா வந்தார். சார்ட்டிங் பெண்கள்கூட மேசையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அந்த மேசையை நானும் பார்த்தேன். ஒன்பது வருடம் நின்ற இடம், திரும்பிப் போனால் ஒன்றும் செத்துவிடமாட்டேன், அங்கே இருப்பவர்கள் எல்லாம் என் சிநேகிதிகள்தான். ஆனால் எனக்குக் கலர் வேண்டும். அதை அன்றைக்குத்தான் அவ்வளவு வெளிப்படையாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தகடு வந்தது. ஏழுமலைதான் அந்தப் பக்கம் நின்றிருந்தார். சூடாக இருந்ததைக் கையுறையோடு தூக்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை.

"மணி அஞ்சு, அஞ்சேகால் இருக்கும் சார் இதுல" என்றார்.

"எதுல?" என்றார் ஜி.எம்.

"இந்தப் படத்துல. முந்தா நேத்து அடிச்சதுல மணியே தெரியல, நெழலு சேறு மாரி கெடந்துது. இதுல பாருங்கோ, வெயிலு எறங்கினுகீது. இந்த நேரத்துக்குத்தான் எங்க சோழவரத்துல ஏரிக்கரை மேல மாடு ஓட்டினு வருவோம்."

கிளேர் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். சார் சொன்னார்.  அந்த அம்மா தகட்டை விளக்கடிக்குக்கூட எடுத்துப்போகவில்லை. ஏழுமலையின் கையில் இருக்கும்போதே, ஓரத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

ஜி.எம். மட்டும் தகட்டின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். ஒரு அடி கிட்டே போனார், நாலடி பின்னால் வந்தார். மறுபடி கிட்டே போனார். அப்புறம்தான் நான் அங்கே நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இன்னும் ஏம்மா நின்னுக்கினு இருக்கே?" என்றார். "போ, போய் உன் எடத்துல உக்காரு."

நான் கலர் ரூமுக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.